திரு. எத்திராஜுக்காக நான் அடித்த கடிதம்

வியாழக்கிழமை காலை நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "எத்திராஜ் சார் தவறிட்டார், மிஸ்" என்றார். "எந்த எத்திராஜ்?" என்று கேட்டேன். இரும்புலியூரில் எனக்குத் தெரிந்த எத்திராஜ் ஒருவர்தான்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் ஒரு முறை நம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். என் கணவர் அவருக்கு எதிரான கட்சியில் கிளைச் செயலாளராக இருந்து மறைந்தவர். ஆனாலும் சனிக்கிழமைதோறும் எத்திராஜ் கோப்புடன் என் வீட்டுக்கு வருவார். அவருடைய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தி, என் கணவரின் தட்டச்சுப்பொறியில், ஆங்கில ஆசிரியையாக இருந்த நான்தான் அடித்துக் கொடுப்பேன். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பது என் நிபந்தனை. தோள்வலி என்று அலுத்துக்கொண்டால், "மெதுவா அடிங்க மிஸ், கவர்மென்ட் அதைவிட மெதுவாத்தான் படிக்கும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை, நம் தெருவில் மீன் விற்கும் கன்னியம்மாவை அழைத்து வந்தார். "கடல்ல எல்லை தாண்டிட்டாங்கன்னு புட்ச்சிகினு பூட்டாங்க மிஸ். எங்க வூட்டுக்காரரு பக்கத்து நாட்டு ஜெயில்ல கீறாரு" என்று அந்த அம்மாள் அழுதார். அவர்களுடைய கடற்கரைக் குப்பம் நம் தொகுதியே அல்ல. அந்த நாட்டுத் தூதருக்கே எழுத வேண்டும் என்றார் எத்திராஜ்.

"அது டெல்லி செய்ய வேண்டிய வேலை" என்றேன்.

"டெல்லிக்கு மூணு லெட்டர் போட்டாச்சே. நீங்கதானே அடிச்சீங்க?"

நான்காவதையும் நானே எழுதி அடித்தேன்.

அது செய்தித்தாளில் வந்துவிட்டது. அவர் கட்சிக்காரர்கள் 'கடல் கடந்த காவலரே' என்று ஜி.எஸ்.டி. சாலையில் சுவரொட்டி ஒட்டினார்கள். "கடல் கடந்தேனா? நான் செங்கல்பட்டு தாண்டினதே கல்யாணத்துக்குத்தான் மிஸ்" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் கணவரின் கட்சிக்காரர்களோ, "தெருவுக்குத் தண்ணி லாரி வரலை, தொரைக்கு ஃபாரின் பாலிசி கேக்குதா?" என்று மேடை போட்டுக் கேட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் கூட்டத்தில், சட்டமன்ற உறுப்பினர் அயல்நாட்டு விவகாரங்களில் தலையிடுவதைக் கண்டித்து ஒரு தீர்மானம் வந்தது. முன்வரிசையில் இருந்த என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னாருடைய மனைவி நான். கை தூக்கினேன். தூக்கிய பிறகுதான் வாசலில் எத்திராஜ் நிற்பதைக் கண்டேன்.

'கடிதத்தை எழுதியதே இந்த அம்மாள்தான்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். "தோள்வலி தேவலையா மிஸ்? அன்னிக்குக் கை நல்லா ஏறுச்சே" என்றார். பிறகு வடிகால் கோப்பைப் பிரித்தார். அதற்குமேல் ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

சில மாதங்களில் கன்னியம்மாவின் கணவர் திரும்பி வந்தார். எந்தக் கடிதத்தால் என்று எனக்குத் தெரியாது. அடுத்த தேர்தலில் கட்சி எத்திராஜை நிறுத்தவில்லை. தலைமையைக் கேட்காமல் தூதருக்கு எழுதியதற்காக என்றார்கள்.

அந்தக் கண்டனத் தீர்மானம் நம் சங்கத்தின் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இதையும் எழுதிவைக்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் எழுதியவள் நான்.

நேற்று இரங்கல் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் முன்பாகத் தூக்கினேன். தோளுக்கு மேல் ஏறவில்லை, எத்திராஜ். இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். போய் வாருங்கள்.