பூனையோடு விரதம் இருந்தவர்

மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் அந்த அம்மா வந்து இறங்கினார். தேயிலைக் கொழுந்துக் கூடைக்குள் ஒரு கிழட்டுப் பூனை. அதற்கும் சீனி வியாதி, அவருக்கும் சீனி வியாதி. தினமும் காலையில் அதற்கு ஊசி போட்ட பிறகுதான் தனக்குப் போட்டுக்கொள்வாராம். அன்று பூனைக்குப் பல் பிடுங்கும் ஒப்பரேஷன். மிருக வைத்தியரிடம் புதிதாகப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த நான் கேள்விகளை அடுக்கினேன்.

“சாப்பாடு குடுத்தீங்களா?”

“ராத்திரியோட நிப்பாட்டிட்டேன், தம்பி.”

“இன்சுலின்?”

“டொக்டர் சொன்ன மாதிரி பாதிதான். வெறும் வயித்துல முழுசும் போட்டா சீனி எறங்கிருமாமே.”

எல்லாம் சரி. ஆனால் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

“நீங்க சாப்பிட்டீங்களாம்மா?”

“அது பட்டினி கெடக்கையில நான் எப்படி திங்கிறது? அதுக்காக விரதம்.”

“உங்க ஊசி?”

“முழுசும் போட்டேன். எனக்கா ஒப்பரேஷன்?”

ஓடிப்போய், சீனியை அள்ளிப் போட்டு பிளேன்டீ கொண்டுவந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

“பூனை டொக்டரு மனுசருக்கும் பாக்குறாரே!” என்று சிரித்தார். மத்தியானம் பூனையும் கண் விழித்தது.

அத்தனை கவனமான மனுஷி தன்னை மட்டும் எப்படி மறந்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அடுத்த ஒப்பரேஷனிலிருந்து, பூனையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், கூட வந்தவரிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டுப் பார்க்கப்போகிறேன்.