மேல்வீட்டு ஐயாவின் பிரெஞ்சு

அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி அப்பா கேட்டு ஒன்பது நாளாகிவிட்டது. "இங்கிலீஷில எழுதித் தாடி, நான் தமிழாக்கிறன்" என்கிறாள் மச்சாள். நான் பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்த மொழியிலும் ஒழுங்காக எழுத வராது. சனிக்கிழமைகளில் அம்மா இழுத்துக்கொண்டுபோய் விட்ட தமிழ் வகுப்பில் அழுதழுது பழகிய எழுத்துத்தான் இது. பேனையை எடுத்தால் அம்மா வருவதில்லை. மேல்வீட்டு ஐயாதான் வருகிறார்.

என் பத்தாவது வயதில் பாரிஸிலிருந்து லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே குடியேறினோம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஊமை மாதிரி இருந்துவிட்டு வருவேன். எங்களுக்கு மேல் வீட்டில் வயதான வியட்நாம்காரர் ஒருவரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். ஒருநாள் படியில் தடுக்கி விழுந்தபோது பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. மேலேயிருந்து அவர் பிரெஞ்சிலேயே, "செல்வி, தாங்கள் காயமுற்றீர்களா?" என்று கேட்டார். அவருடைய பிரெஞ்சைத் தமிழில் சொன்னால் அப்படித்தான் வரும். பாரிஸில் ஒருவரும் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

பிரெஞ்சுக்காரர் அவருடைய நாட்டை ஆண்ட காலத்தில் அவர்களின் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஐயா. அவருடைய கிராமத்திலிருந்து அங்கே போன ஒரே பிள்ளை. பிரான்சின் ஆறுகளை ஒவ்வொன்றாக, மலையிலிருந்து கடல்வரை ஒப்புவிப்பார். உங்கட ஊர் ஆறு எங்கே தொடங்குது என்று ஒருநாள் கேட்டேன். அது பாடத்தில் இருக்கவில்லை என்றார். சொந்த மொழிக்கு வாரத்தில் ஓரிரு மணித்தியாலம்தானாம். மற்ற வகுப்புகளில் அந்த மொழியில் வாய் திறந்தால் அடி விழுமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர். அவருக்கும் என் அம்மாவுக்கும் பொதுவாக இருந்த மொழி இறாலும் பச்சை மிளகாயும்தான். ஐயாவைக் கேட்டு நான் மொழிபெயர்க்கப் போனால், "மனுசி சொல்லுறது எனக்கு விளங்குது, நீ சும்மா இரு" என்பார் அம்மா.

அந்தக் குளிர்காலத்தில் ஐயாவின் மனைவி இறந்துபோனார்.

மறுநாள் ஐயா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் இரண்டு தாள்கள். சவப்பெட்டியை மூடமுன் அவர் மனைவிக்குச் சொல்லப்போகும் வார்த்தைகள். பிழை இருந்தால் திருத்தித் தரும்படி என்னிடம் கேட்டார். லண்டனில் முதன்முறையாக எனக்கு ஏதோ தெரியும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். பென்சிலோடு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி அது?" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

"ஐயா செத்தவீட்டில மனுசிக்கு வாசிக்கப்போறது."

"அந்த மனுசிக்கு பிரெஞ்சு தெரியுமோ?"

"தெரியாது."

"பின்னை ஆருக்கு வாசிக்கிறாராம்? கேள்."

கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். தன் மொழியில் சோறு கேட்கத் தெரியும், பேரம் பேசத் தெரியும், சண்டை பிடிக்கத் தெரியும். ஒருவரைப் புகழ்ந்து எழுதும் சொற்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில்தான் தரப்பட்டன. தன் மொழியில் எழுதிப் பார்த்தால் கடைச் சாமான் சிட்டை மாதிரி வருகிறது என்றார்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா அடுப்பைக் குறைத்தார்.

"அப்பிடியெண்டால் அந்தச் சிட்டையையே வாசிக்கச் சொல்லு. அவவுக்கு அது விளங்கும்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அது மரியாதைக்கேடாகப் பட்டது. பென்சிலும் என் கையில் இருந்தது. "மிகவும் அழகாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறார்" என்றேன். ஐயா அம்மாவுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். அம்மாவும் ஒன்றும் தெரியாமல் தலையாட்டினார்.

மண்டபத்தில் ஐயா பெட்டியருகே நின்று தாள்களை விரித்தார். முதல் வரியை வாசித்தார். பெட்டிக்குள் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு அந்தத் தாள்கள் முழுக்க மனப்பாடம். வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பது போல, எழுந்து நின்று இரண்டாவது வரியைப் பிரெஞ்சில் உரக்கச் சொன்னேன். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். ஐயா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு குனிந்து தன் மொழியில் ஏதோ சொன்னார். சின்னச் சின்ன வசனங்கள்.

அதற்குள் எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்திருந்தது. என்ன சொல்கிறார் என்று செத்தவீட்டுக்கு வந்து பக்கத்திலிருந்த அவருடைய மகளிடம் கேட்டேன். சோறு ஆக்கியாச்சு. யன்னல் சாத்தியாச்சு. வெளியே குளிர், சால்வை எடுத்தாயா. அவ்வளவுதானாம்.

பஸ்ஸில் அம்மா அழுதுகொண்டு வந்தார்.

"ஏனம்மா அழுறீங்கள்? உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லைத்தானே."

"எனக்கு விளங்கினது."

"பாவம் ஐயா. படிச்ச பிரெஞ்செல்லாம் மறந்துபோச்சு" என்றேன்.

அம்மா குளிர்ந்துபோயிருந்த என் கையைத் தன் கோட்டுப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். இறங்கும்வரை நான் அந்த இரண்டாவது வரியை, ஒரு பிழையுமில்லாமல், எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.