பதினாறு பொத்தானில் பாதி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பவளுக்கு 'மடிப்பம்மா' என்று பெயர் ஒட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்! விரிப்பின் நாலு மூலையும் அவள் கைக்கு அடங்கும். சீட்டுதான் அடங்காது. பழகி மூன்று வாரம்தான் ஆகிறது.

சாப்பாட்டு வேளையில் மடிப்பு மேசையில் நாலு பேர் போக்கர் ஆடுவார்கள். பந்தயம் காசு இல்லை, துவைக்கும்போது அறுந்து விழுந்த சட்டைப் பொத்தான்கள். ஒரு பொத்தானை யாரிடம் கொடுத்தாலும் அவர் உங்களுக்காக ஒரு மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். வேலை நடந்தால் சரி என்று மேற்பார்வையாளரும் கண்டும் காணாமல் போய்விடுவார்.

மடிப்பம்மாவுக்கு எட்டுப் பொத்தான் வேண்டும். மறுநாள் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். தாயில்லாத தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள், ஊசி என்றாலே நடுங்குவாள். கூட இருக்கலாம் என்றால் மடிப்பம்மாவுக்கு விடுப்போ தீர்ந்துவிட்டது. கையில் இருந்த நாலு பொத்தானையும் வைத்தாள். மற்ற மூவரும் ஆளுக்கு நாலு வைத்தார்கள்.

கையில் நாலு சீட்டு, மேசையில் ஐந்து. கையிலிருந்து இரண்டு, மேசையிலிருந்து மூன்று சேர்த்து ஐந்து சீட்டில் ஒரு 'கை' அமைக்க வேண்டும். பெரிய கைக்குப் பந்தயத்தில் பாதி. சின்ன கைக்கு மறுபாதி. ஆனால் அதன் ஐந்து சீட்டும் எட்டைத் தாண்டக் கூடாது, ஜோடி சேரக் கூடாது; ஏஸுக்கு மதிப்பு ஒன்று. சின்ன கை யாருக்கும் அமையாவிட்டால் பெரிய கைக்கே மொத்தமும்.

அவளுடைய நாலு சீட்டில் ஏஸும் மூன்றும் இருந்தன. மேசையில் இரண்டு, ஏழு, ராஜா விழுந்தன. அடுத்து நாலு. அம்மாடி, சின்ன கை அமைந்துவிட்டது! கடைசிச் சீட்டு இன்னொரு ராஜா. மேசையில் ஜோடி விழுந்தால் எல்லாம் கெட்டது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

ஆட்டத்தில் இருந்தவர்களில் சலவை மெஷின் ஓட்டும் மெஷின் அண்ணன் மூன்று ராஜாவும் இரண்டு ஏழும் காட்டினார். ஞாயிறு முழுக்கத் தூங்குவதற்காக ஒரு மாதமாகப் பொத்தான் சேர்ப்பவர். மற்ற இருவரிடமும் ஒன்றும் இல்லை. மடிப்பம்மா சீட்டைக் கவிழ்க்கப் போனாள். கவிழ்த்துப் போட்டால் அந்தக் கை செத்தது.

"ஏம்மா, கவிழ்க்காதே! திறந்து வை" என்றார் மெஷின் அண்ணன்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லண்ணே. ஜோடி விழுந்துடுச்சே."

"நாலு விழுந்தப்போ உன் முகம் சிரிச்சதே. திற முதல்ல."

திறந்தாள். அவரே விரலால் தொட்டுக் காட்டினார். "ஏஸ், ரெண்டு, மூணு, நாலு, ஏழு. ராஜாவை யாரு சேர்க்கச் சொன்னா? மேசையில மூணு எடுத்தாப் போதும்."

வாய் திறக்காமல் இருந்திருந்தால் பதினாறும் அவருக்குத்தான். எட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு எட்டு மணி நேரம் யாருகிட்ட குடுக்கப் போற? என்கிட்டயே குடு. எப்படியும் எனக்குப் பொத்தான் வேணும்" என்றார்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு வெளியே வந்த அக்கா, தங்கையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "உன் வேலைய யாருடி பாக்குறது?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"பிள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன்."

"அவருக்குக் கல்யாணமே ஆகலக்கா."

"அப்போ தனியாவே நல்லா இருக்கட்டும்" என்றாள் அக்கா. கையை மட்டும் விடவில்லை.