சத்தமே இல்லாமல் ஓடிய மிஷின்

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைதான் படித்தேன். பிறகு முப்பத்திரண்டு வருஷம் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலை. நான் பார்த்தது நூல் நூற்கும் மிஷின். ஒரு பஸ்ஸைவிட நீளம். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூட கையைக் காட்டித்தான் பேச முடியும். மிஷின் நன்றாக ஓடுகிறதா என்று நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைப்போம், காதைக் கொடுப்போம். சத்தம் நின்றால் ஓடிப்போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்குவோம். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டோம்.

இந்தப் பழக்கத்தால் என் மகளின் வேலை போகப் பார்த்தது.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு ஷேர் ஆபீஸில் இருந்தாள். இந்தக் கம்பெனிப் பங்கை வாங்கு, அதை விற்று விடு என்று ஆட்கள் போனில் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். குழந்தை பிறந்த பிறகு, பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலிருந்து தினமும் போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் கறார். "வீட்டில இருந்தே பாரும்மா. காலையில ஒம்பதேகாலுக்குச் சந்தை தொறந்ததுல இருந்து மூணரைக்கு மூடுற வரைக்கும் உன் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிக்கக் கூடாது. ஒரு நாள் சோதிச்சுப் பாப்பேன். நின்னுச்சுன்னா வேற ஆளப் போட்டுக்கிடுவேன்" என்றார்.

அப்படித்தான் நானும் அவளும் திருநெல்வேலிக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனோம்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரிய பெட்டி. உள்ளே மூன்று காற்றாடி, கலர் கலராக விளக்கு, ஓடவிட்டதும் உர்ரென்று சத்தம். மற்றது டிபன் பாக்ஸ் அளவுதான். கையை வைத்தேன், அதிர்வு இல்லை. காதை வைத்தேன்.

"ஏட்டி, இது என்ன சவம் மாதிரி கெடக்கு? அந்தப் பெருச எடு. அதுதான் உயிரோட இருக்கு."

"எப்பா, அது விளையாட்டு விளையாடுத பையங்களுக்குள்ளது. படம் வேகமா ஓடுனாச் சூடாகும், அதுக்குத்தான் அவ்வளவு காத்தாடி. எனக்கு நம்பர்தான ஓடப்போவுது? ராம் பதினாறு இருக்கணும், ரெண்டு திரை மாட்டணும், கரண்டு போனா தாங்க ஒரு யுபிஎஸ் வேணும். அவ்வளவுதான்."

ராம் என்றால் என்ன என்று கேட்டேன். மில்லில் பஞ்சுப் பொதி கோடவுனில் கிடக்கும், அன்றைக்கு வேண்டியது மட்டும் மிஷின் பக்கத்தில் வந்து நிற்கும் இல்லையா? பக்கத்தில் நிற்பதுதான் ராம் என்றாள். அது நிறைய இருந்தால் மிஷின் காத்துக்கிடக்காது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அப்புறம் கடைக்காரர், "அண்ணாச்சி, கம்ப்யூட்டர ஓட்டுததுக்கு விண்டோஸ் போட்டா தனியாக் காசு. லினக்ஸ்னா சும்மாவே போட்டுத் தாரேன்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

மகள் கையைப் பிடித்தாள். "லினக்ஸும் நல்லதுதாம்ப்பா. ஆனா எங்க ஆபீஸ் புரோகிராம் விண்டோஸ்லதான் ஏறும். வேற மிஷின் பாபினக் கொண்டாந்து உங்க மிஷின்ல சொருவுனா நூல் சுத்துமா?"

"ஒக்காரவே செய்யாதே!"

"அதான். மொதல்ல எந்தப் புரோகிராம்னு பாக்கணும், பொறவு அதுக்கு விண்டோஸா லினக்ஸான்னு பாக்கணும், கடைசியாத்தான் பொட்டி. நீங்க பொட்டியில இருந்து ஆரம்பிக்கிய."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

சோதனை நாள். அலமாரி பக்கத்தில் மேசை. ஒன்பதேகால் ஆனதும் இரண்டு திரையிலும் எண்கள் பச்சையும் சிவப்புமாகத் துடிக்கத் தொடங்கின. எங்கேயோ ஒருவர் விற்கிறார், எங்கேயோ ஒருவர் வாங்குகிறார். எங்கள் வீட்டில் எண் மாறுகிறது. அந்த வரிசையில் ஒரு நூல் மில்லின் பெயரும் இருந்தது. அதன் விலையும் நிமிஷத்துக்குப் பலமுறை ஏறி இறங்கியது. நான் உள்ளே நூல் நூற்றுக்கொண்டிருந்த காலத்திலும் வெளியே இப்படி ஒன்று ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பதினொரு மணி வாக்கில் குழந்தை அழுதது. "ரெண்டு நிமிஷம் பாத்துக்கிடுங்கப்பா, போன் வந்தாக் கூப்பிடுங்க" என்று மகள் உள்ளே போனாள். இரண்டு நிமிஷம் பத்து நிமிஷம் ஆயிற்று. திடீரென்று இரண்டு திரையும் கறுத்துவிட்டன.

காதை வைத்தேன். சத்தமே இல்லை. கை தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது. அமுக்கினேன், ஒன்றும் தெரியவில்லை. மில்லில் செய்கிற மாதிரி அழுத்திப் பிடித்தேன்.

மகள் ஓடி வந்தாள். "எப்பா! என்ன செஞ்சிய?"

"நின்னு போச்சுட்டி. நான் ஓட விடுதேன்."

"அது ஓடிக்கிட்டுல்லா இருந்துச்சு! தொடாம இருந்தா திரை மட்டும் அமந்துரும். நீங்க மிஷினையே அமத்திட்டிய!"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. முதலாளி. ஒருவர் பங்கை உடனே விற்கச் சொல்கிறாராம். கரண்டு போச்சு என்று அவள் சொல்லியிருக்கலாம். யுபிஎஸ் வேலை செய்யவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், எங்கப்பா தெரியாம அமத்திட்டாவ. இப்ப எழும்பிரும்" என்றாள். பெட்டி எழும்பி, கடவுச்சொல் போட்டு, புரோகிராம் திறப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மில்லில் நின்ற மிஷினைத் திரும்ப ஓட்டி, அறுந்த நூலையெல்லாம் பிணைப்பதற்குள் வியர்த்துக் கொட்டும். ஆனாலும் அதற்குள் முதலாளியே அந்தப் பங்கை விற்று முடித்திருந்தார்.

அதைப் போனிலேயே சொன்னார். பிறகு, "நாளைக்கு இன்னொரு நாள் பாப்போம். உங்கப்பாவ எங்கயாவது அனுப்பிரு" என்றார்.

மறுநாள் காலையிலேயே துண்டை எடுத்துத் தோளில் போட்டேன், ஆற்றுப் பக்கம் போய்விடலாம் என்று. மகள் விடவில்லை. "இங்கனயே இருங்க. நான் பிள்ளையப் பாக்கப் போனா யாரு காவல்?" திரை அணையாதபடி மாற்றி வைத்திருந்தாள். பெட்டியின் முன்னால் கடுகளவு வெள்ளை விளக்கு ஒன்றைக் காட்டினாள். "இது எரியுத வரைக்கும் ஓடுதுன்னு அர்த்தம். காத வைக்காதிய. கண்ண வையிங்க."

இரண்டு கையையும் தொடைக்குக் கீழே கொடுத்து உட்கார்ந்தேன். மேலே பாபநாசத்தில் அணைத் தண்ணீர் விழுந்து கரண்டு வருகிறது. அந்தக் கரண்டில்தான் எங்கள் மிஷினெல்லாம் இரைந்தன என்று நினைத்துக்கொள்வேன். அதே கரண்டுதான் இதற்குள்ளும் போகிறது. இத்தனை பேரின் வாங்கலும் விற்றலும் அதன் வழியாகப் போகிறது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மூன்றரைக்கு எல்லா எண்ணும் ஒன்றாக நின்றன. மில்லில் ஷிப்டு முடிந்தால் ஊருக்கே கேட்கும்படி சங்கு ஊதும். இங்கே ஒன்றும் ஊதவில்லை. கடுகு விளக்கு மட்டும் எரிந்தது.

போன் வந்தது. மகள் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி சார்" என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமையில இருந்து வீட்லயே பாக்கச் சொல்லிட்டாவ. அப்பா எங்க போனாவன்னு கேட்டாவ."

"நீ பதிலே சொல்லலியே?"

"பக்கத்துலதான் இருக்காவன்னு சொன்னா பயந்துருவாவல்லா?"

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பெட்டியின்மேல் கையை வைத்தேன். தூங்கி எழுந்த பிள்ளையின் கன்னம் மாதிரி, லேசாகச் சூடு இருந்தது.