தங்கவேலின் கண்ணில் ஒரு குறையும் இல்லை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சூரமங்கலத்தில் எங்கள் ரயில்வே அலுவலகத்துக்கு நாமக்கல்லிலிருந்து போன் வந்தது. லாரி உதிரிபாகக் கடை முதலாளி பேசினார். கடையிலேயே மாரடைப்பு வந்து தங்கவேல் போய்விட்டான் என்றார். நாற்பதுகூட ஆகவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. விமானம் ஓட்ட உரிமம் வாங்கியவன் பில் போடுகிற மேஜையில் சாக வேண்டுமா?

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளில், நானும் அவனும் சூரமங்கலத்தில் ஒரே அறையில் நான்கு வருஷம் இருந்தோம். அவனுக்கு எருமப்பட்டி, விவசாயக் குடும்பம். சென்னையில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி. அங்கே இருந்தது ஒரே விமானம், அதுவும் பாதி நாள் ரிப்பேர். சரியாகிவிட்டதென்று தந்தி வந்தால் ரயிலேறுவான். நாலு நாள் காத்திருந்து அரைமணி நேரம் பறந்துவிட்டுத் திரும்புவான். உரிமத்துக்குப் பறந்த நேரம் மட்டும்தான் கணக்கு. "காத்துக் கெடந்த நேரத்தையும் சேத்துக்குவாங்கன்னா நான் எப்பவோ கேப்டனப்பா" என்பான். இப்படி இழுத்தடித்துத்தான் கமர்ஷியல் பைலட் உரிமம் கைக்கு வந்தது.

உடனே ஒரு விமான கம்பெனிக்கு விண்ணப்பித்தான். வயது வரம்பைத் தாண்டிவிட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். பள்ளிச் சான்றிதழ்படி நான்கு மாதம் அதிகம். உண்மையில் அவனுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

இந்தக் குளறுபடி எப்படி நடந்தது என்பதை அவன் அப்பாவே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். கை தலையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால்தான் அப்போது ஒன்றாம் வகுப்பு. பையனுக்கு எட்டவில்லை. இவர் அவன் தலையைச் சாய்த்துப் பிடித்துத் தொடவைத்து, வயதையும் கூட்டிச் சொல்லிவிட்டார். "அன்னிக்கு நாஞ் சேக்காம உட்டிருந்தா இவன் ஆடு மேச்சுக்கிட்டிருப்பான் சாமி" என்பார். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். அப்பா வந்து, தவறான வயது கொடுத்தது நான்தான் என்று கைநாட்டு வைத்தால் முயற்சி செய்யலாம் என்றார். வெளியே வந்ததும் தங்கவேல் வேண்டாம் என்றுவிட்டான். நான் கத்தினேன். ஒரு கைநாட்டில் தீருகிற விஷயம், உனக்கென்ன வீம்பு என்று கேட்டேன்.

"அவரு செஞ்சதுலயே பெருசுன்னு நெனைக்கிறது அது ஒண்ணத்தான். அதுதான் எங் குடியக் கெடுத்துதுன்னு அவரு வாயாலயே சொல்ல வெக்கச் சொல்றயா?" என்றான்.

அவன் செய்தது சரியென்று இன்றுவரை எனக்குப் படவில்லை.

கண் பார்வை கொஞ்சம் போதாதென்று தள்ளிவிட்டார்கள் என அப்பாவிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர் வாராவாரம் பொன்னாங்கண்ணிக் கீரையைக் கட்டி எருமப்பட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அவன் நாமக்கல் கடைக்கு வேலைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. உரிமம் புதுப்பிக்காமலேயே காலாவதியானது. கீரையை மட்டும் அவன் ஒரு வாரமும் வீணாக்கியதில்லை.

காரியத்தன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடவே இருந்தவன் நீ. நெசமாலுமே கண்ணுதானா சாமி?" என்றார்.

"ஆமாங்க, கண்ணுதானுங்க" என்றேன்.

தங்கவேல் எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பொய் ஒன்றுதான். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் வைத்திருப்பேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கிற எருமப்பட்டிக்காரர்கள் யாரும் தயவுசெய்து அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.