நீர்நாய்க்குக் கிடைத்த பத்துச்சீட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கப்பிள்ளை. ஒரு திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தேன். தோட்ட மேனேஜரான பெரிய தொரை ஜீப்பிலிருந்து இறங்கினார். கொழுந்தைப் பற்றிக் கேட்கவில்லை, மழையைப் பற்றியும் கேட்கவில்லை.

"என் மீன் எங்கே?" என்றார்.

வெள்ளைக்காரத் தொரைமார் போகும்போது பங்களாவையும் அதற்குக் கீழே ஒரு ட்ரவுட் மீன் குளத்தையும் விட்டுப் போயிருந்தார்கள். கொழும்பிலிருந்து வரும் பெரிய மனிதர்களை நம்ம தொரை அந்தக் கரையில் உட்காரவைத்துத் தூண்டில் கொடுப்பார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால் ஆறு மாதம் யோசிக்கிற மனிதர், மீன் குறைந்தால் அன்றைக்கே விசாரணை வைப்பார்.

குளத்துக்குக் காவல் மருதமுத்து. தொரை அவரைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கள்ளன் யாருன்னு சொல்லணும். இல்லேன்னா ஒனக்குப் பத்துச்சீட்டுதான்."

பத்துச்சீட்டு என்றால் பெயரை வெட்டி வெளியே அனுப்புவது. வேலையோடு லயத்துக் காம்பராவும் போய்விடும். மருதமுத்துவின் காம்பராவில் ஆறு பேர் இருந்தார்கள்.

அன்று மத்தியானம் அவரோடு, குளத்துக்குத் தண்ணீர் வரும் ஓடைக்குப் போனேன். குளத்துக்குச் சற்று மேலே ஒரு தட்டைப்பாறை. அதன்மேல் நீர்நாய் எச்சம். எங்கே இரை தேடினாலும் அதற்கென்று வைத்திருக்கும் பாறையில்தான் நீர்நாய் எச்சமிடும். குச்சியால் கிளறிப் பார்த்தேன். அத்தனையும் நண்டு ஓடு. மீன் முள் இரண்டோ மூன்றோ இருந்திருக்கும். முன்பு ஒருநாள் விடியற்காலையில் அதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். தோல் சேர்ந்த விரல்களால் நண்டைப் பிடித்துக்கொண்டு நறுக்நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது.

"இது மீன் கள்ளன் இல்லயே" என்றேன்.

மருதமுத்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேங்க. யாரும் திருடலீங்க. மீனெல்லாம் செத்து மெதக்குதுங்க. தொரை கண்டா என்னயத்தான் கேப்பாருன்னு நாந்தான் எடுத்துப் பொதைச்சுட்டேன்."

"எப்பருந்து?"

"புல்லுக்கு மருந்து அடிச்சாங்கள்ல, அதுலருந்துங்க."

மருந்து டாங்கிகளைக் குளத்துக்கு மேலேயே ஓடையில் கழுவச் சொன்னவன் நான்தான். மருந்துக் கொட்டிலுக்குப் பின்னால் அதற்கென்றே குழி இருந்தது. அதுவரை போய்வந்தால் அரை மணி நேரம் வீண் என்று என் கெட்டித்தனம். தொரைகூட முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உண்மையைச் சொன்னால் மருதமுத்து தப்புவார், நான் மாட்டுவேன். சொல்லாவிட்டால் அவர் குடும்பம் தெருவில் நிற்கும். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே! வெள்ளிக்கிழமை ஆபீசில் போய் நின்றேன்.

"நீர்நாய்தாங்க தொரை. பாறை முழுக்க அடையாளம் கெடக்கு."

தொரைக்கு மகா சந்தோஷம். அவரிடம் துவக்கு இருந்தது, சுடுவதற்குத்தான் ஒன்றும் கிடைக்காமல் இருந்தது. மறுநாள் விடியும்போதே சுட்டுவிட்டார். பங்களா முற்றத்தில் வயிற்றைக் கீறிப் பார்த்தோம். உள்ளே நண்டுதான்.

"பாத்தியா கணக்கப்பிள்ளை, மீனை எவ்வளவு சீக்கிரம் செமிச்சிருக்கு!"

"ஆமாங்க தொரை" என்றேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

அன்றைக்கே டாங்கி கழுவுவதைக் குழிக்கு மாற்றினேன். மீன் சாவதும் நின்றது. மருதமுத்து வேலையில் நிலைத்தார். என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவார். அதுதான் தாங்க முடியவில்லை.

தொரையோ போகிற இடமெல்லாம் பெருமையடித்தார்.

"சுட்டதுக்கப்புறம் ஒரு மீன் கொறையல!"

சாட்சி அவ்வளவு பலமாக இருந்தது. பக்கத்துத் தோட்டத் தொரைமார் அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் துவக்குகளைத் துடைத்தார்கள். ஓடை போகிற வழியெல்லாம் வெடிச்சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் நான் பெரட்டுக்களத்தில் தலையைக் குனிந்துகொண்டு பேர் எழுதினேன்.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளே, செய்த தப்பைச் சத்தமில்லாமல் திருத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் திருத்தினேன். நான் திருத்தியதை வைத்துத்தான் அத்தனை நீர்நாய்களையும் குற்றவாளி என்று நிரூபித்தார்கள்.