பேத்திக்காகப் பாடம் பண்ணிய இங்கிலீஷ்

பட்டறைக்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். போட்டால் என்ன? கூலிக்கு வெல்டிங் பிடித்த கையால் சொந்தப் பட்டறை வைத்தார். அவர் அடித்த கேட் இல்லாத தெரு அந்த ஊரில் கிடையாது. அவர் ஒட்டிய இரும்பு விட்டுப்போச்சு என்று இன்றுவரை ஒருத்தன் வந்து நின்றதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பிடிகொடுக்காத ஒரே ஆள், கடல் தாண்டி இருந்த ஏழு வயதுப் பேத்தி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் வீடியோவில் வருவான். பேத்தி எட்டிப் பார்த்து, "ஹாய் தாத்தா, பை தாத்தா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அவளுக்குத் தமிழ் வராது, இவருக்கு இங்கிலீஷ் வராது. மனைவி போன பிறகு வீட்டில் கேட்கும் பேச்சே அந்த அழைப்புதான். பேத்தியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கடைவீதியில் சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகம் ஒன்று வாங்கினார். இங்கிலீஷ் மரபுத்தொடர்கள். பக்கத்திலேயே தமிழில் உச்சரிப்பும் பொருளும். அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. இவர் எடுத்த எடுப்பிலேயே உச்சாணிக் கொம்புக்குத் தாவினார். வானத்திலிருந்து நாயும் பூனையும் கொட்டும் படத்தைப் பார்த்து மலைக்கவில்லை. நாம் பேய்மழை என்கிறோமே, பேயா விழுகிறது? இரும்பு ஆறுகிற நேரமெல்லாம் முணுமுணுத்தார். வெளிநாட்டு ஆர்டர் ஏதும் வந்திருக்கா முதலாளி என்று ஃபிட்டர் கிண்டலடித்தான். அசரவில்லை. முழுப் புத்தகமும் தலைகீழ்ப் பாடம்.

ஞாயிறு வந்தது. பேத்தி ஹாய் சொல்லி வாய் மூடுவதற்குள், "இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்று எடுத்துவிட்டார். இவர் ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில். அவள் நின்றாள். விடாமல், ரொம்பச் சுலபம் என்பதற்கான "பீஸ் ஆஃப் கேக்" என்றார். அவள் திரும்பி அப்பாவின் காதில் கிசுகிசுத்தாள். இப்படியெல்லாம் யாரும் பேசமாட்டார்களாம் என்று மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். பிறகு அவள் மெதுவாக ஏதோ கேட்டாள். சாதாரணச் சொற்கள்தான். அவற்றில் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை.

"என்னடா கேக்குறா?"

"ஒண்ணுமில்லப்பா. அங்க உங்ககூட யாரு இருக்காங்கன்னு கேக்குறா."

பட்டறைக்காரர் மீசையைத் தடவினார். "நிறைய ஆளுங்க இருக்காங்கன்னு சொல்லுடா. நமக்கென்ன குறைச்சல்."

மகன் அதை மகளிடம் இங்கிலீஷில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஷோ மீ" என்றாள் பேத்தி. டிசைன் பார்க்க வருகிறவர்கள் சொல்லும் சொல். அது அவருக்குப் புரிந்தது.

"வேணாம்பா, விடுங்க" என்றான் மகன்.

அவர் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூடம், சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். சமையலறை, கவிழ்த்து வைத்த ஒற்றை டம்ளர். மகனுடைய பழைய அறை. விளக்கைப் போட்டார். கட்டிலில் உறை பிரிக்காத மெத்தை. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் பேத்தி திரையில் முகத்தை ஒட்டிவைத்துத் தேடினாள். ஓடவில்லை. இவ்வளவு நேரம் அவள் நின்றதே இல்லை.

"நெக்ஸ்ட்?" என்றாள்.

மாடியில் இன்னும் இரண்டு அறைகள் இருந்தன. பட்டறைக்காரர் கைப்பிடியைப் பற்றிப் படியேறினார்.